அடைப்பு வீட்டில் ஒரு வாரம்

ஆஸ்பத்திரி வாசலை விட்டு வெகுதூரம் நடந்து வந்த பிறகுதான் என் இடது காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ரோட்டோரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கூப்பிட்டுச் சொன்னாள்.

"யோவ், ஒத்தச் செருப்போட போறியே, இன்னா, வேண்டுதலா?"

திரும்பிப் பார்த்தேன். செருப்பு தூரத்தில் தனியாகக் கிடந்தது. அங்கிருந்து இங்கேவரை என் வெறுங்கால் உச்சி வெயிலில் தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறது. வலது பாதத்தைச் செருப்பிலிருந்து எடுத்து ரோட்டில் வைத்துப் பார்த்தேன். சுட்டது. இடது பாதத்தை அழுத்தி வைத்தேன். வேறு யாருடைய காலையோ கடன் வாங்கி ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

"வேண்டுதல் இல்ல தாயி. கால் செத்துப்போச்சு" என்றேன்.

"அடப்பாவமே! செத்த கால இழுத்துக்கினு எங்க போற?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. திரும்பிப் போய்ச் செருப்பை எடுத்தேன். போட்டால் மறுபடியும் கழன்றுவிடும் என்று கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். லாரியில் ஏற்றும்போது இடுப்புக்குள் ஏதோ நழுவியது. கீழே விழவில்லை. மூட்டையை ஒழுங்காக அடுக்கிவிட்டு டீகூடக் குடித்தேன். மறுநாள் எழுந்தபோது இடது பாதம் கணுக்காலிலிருந்து தொங்கியது. மேலே தூக்கு என்றால் தூக்காது. நடந்தால் 'தப், தப்' என்று தரையில் அறைந்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு சாயப்பட்டறை, கல்குவாரி, கட்டட வேலை என்று ஊர் ஊராக எனக்குச் சோறு போட்டது இந்த இரண்டு காலும்தான். அதில் ஒன்று போனால் என்ன செய்வது என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, முதுகெலும்பிலிருந்து வரும் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். ஒரு வாரம் எந்தப் பாரமும் தூக்காமல் இருந்து, பயிற்சி செய்துவிட்டு வா, கால் திரும்புகிறதா பார்ப்போம் என்றார். திரும்பாவிட்டால் முதுகை அறுக்க வேண்டும். அறுத்தாலும் திரும்பும் என்று சொல்ல முடியாது. அவர் அதை மழை வரும், வராது என்பதுபோலச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

பயிற்சி சொல்லிக்கொடுத்தது ஒரு சின்ன வயதுப் பெண். தெற்கத்திக்காரி. இந்தப் பக்கத்து ஜனங்கள் போல அண்ணா என்று சொல்லாமல் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் வைத்தபடியே விரல்களை மேலே தூக்கப் பார்க்க வேண்டும். கடைசியாக, சமதரையில் வெறுங்காலோடு மெதுவாக நடக்க வேண்டும்.

"ரோட்டுல வேண்டாம் அண்ணே, விழுந்துருவீங்க. வீட்டு ஹாலுக்குள்ளயே சுத்திச் சுத்தி நடங்க. வீடு எங்க?"

"இனிமேதாம்மா பாக்கணும்" என்றேன்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

எனக்குப் படுக்க இடம் எப்போதும் கிடைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு, மண்டி, மூடிய கடை வாசல். ஆனால் அங்கெல்லாம் இந்தப் பயிற்சியைச் செய்ய முடியாது. அதுவும் மலை சுற்ற ஜனம் வந்துகொண்டே இருக்கும் இந்த ஊரில் ஒரு ஆள் பொது இடத்தில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கினால் சாமியார் என்று நினைத்து நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போவார்கள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் ஒரு டீக்கடை. அங்கே முன்பு கொஞ்ச நாள் கிளாஸ் கழுவியிருக்கிறேன். டீ மாஸ்டருக்கு என்னைத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒரு வாரத்துக்கு வீடா? நீ இன்னா மாப்பிள்ளையா, விருந்துக்கு வந்தியா?"

"ஒரு ஹால் போதும் மாஸ்டர். நடக்கணும்."

"நடக்கறதுக்கு ஊர்ல இருக்கறவன் எல்லாம் மலைய சுத்தறான். இவனுக்கு ஹால் வேணுமாம்." டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு குரலைக் குறைத்தார். "ஒரு வீடு இருக்குது நைனா. சும்மாவே தருவாங்க. ஆனா அடைப்பு வீடு."

கெட்ட நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அந்த வீட்டைச் சில மாதங்களுக்கு மூடிப்போடுவது வழக்கம். அதைத்தான் அடைப்பு என்பார்கள். வீட்டுக்காரர்கள் வேறு இடத்தில் குடியிருப்பார்கள். உடம்பைக் கிடத்தியிருந்த இடத்தில் தினமும் சாயங்காலம் விளக்கு ஏற்றி, ஒரு சொம்புத் தண்ணீர் வைக்க வேண்டும். செத்தவருக்கு ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் உள்ளே தங்கக்கூடாது. எனக்கு அவர் யாரோ.

ஆபீஸ்களுக்குப் பின்னால் புதிதாகப் பிரித்த மனைகள். இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள். நடுவில் முள்செடி. வீட்டுக்காரர்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள் போல, எல்லாக் கேட்டிலும் பூட்டு. பகல் வெளிச்சத்தில் அவ்வளவு வீடுகளை ஒரு சத்தமும் இல்லாமல் நான் பார்த்ததில்லை. வெளிர்பச்சை அடித்த ஒரு வீட்டின் முன்னால் அந்த வீட்டு மருமகள் சாவியோடு நின்றிருந்தாள். என் தங்கை வயதிருக்கும். இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார்கள் என்றும், அவள் தையல் மிஷின் வைத்திருக்கிறாள் என்றும் மாஸ்டர் சொல்லியிருந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"மாமனார் போய்ட்டாருண்ணா. அதான் பூட்டிப் போட்டிருக்கோம். சாயந்திரம் விளக்கு ஏத்திடுங்க, தண்ணி மாத்திடுங்க. அவ்ளோதான். ராத்திரி வேணும்னா வெளிய வராண்டாவுல படுத்துக்கோங்க."

"உள்ளயே படுத்துக்கறேம்மா."

"பயமா இருக்காதா?"

"சுடுகாட்டு ஷெட்லயே படுத்திருக்கேன். மழைக்கு நல்லா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டிச் சாவியைக் கொடுத்தாள். நான் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்குள் அவள் காலெடுத்து வைக்கவில்லை.

ஹால் பெரியது, சாமான் எதுவும் இல்லை. ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில், தரையில், மண் அகல் ஒன்று, பித்தளைச் சொம்பு ஒன்று. முதலில் என் கண்ணில் பட்டது சுவர்தான். புதுச் சுவர், நல்ல பெயின்ட். அதில் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே எண்ணெய் படிந்த கறுப்புக் கோடு ஒன்று ஹாலைச் சுற்றிலும் ஓடியது. வாசல் வந்த இடத்தில் விட்டு, நிலையின் அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கை வைத்து வைத்து வந்த அழுக்கு. தரையைப் பார்த்தேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி டைல்ஸ் மேல் வெளுத்த கீறல். அதுவும் சுற்றிலும் போனது.

யாரோ இங்கே நிறைய நாள் நடந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எனக்கும் நடக்கத்தான் இடம் வேண்டியிருந்தது. பாயை விரித்தேன்.

முதல் நாள் பயிற்சி பரிதாபமாக இருந்தது. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கினால் கண்ணுக்கு நேரே அகல். மல்லாந்து இடுப்பைத் தூக்கினால் தொடை நடுங்கியது. மூட்டை தூக்குகிறவனுக்குத் தன் இடுப்பைத் தூக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இடது கால் விரல்களைப் பார்த்து, தூக்கு, தூக்கு என்று வாய்விட்டே சொன்னேன். அவை காது கேளாதவை போல இருந்தன. பிறகு எழுந்து, விழாமலிருக்க இடது கையைச் சுவரில் வைத்து நடந்தேன். கை தானாக அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. இங்கே நடந்தவரும் என் உயரம்தான் போல.

தப், தப் என்று என் கால் அறைந்தது. காலி வீடு என்பதால் அந்தச் சத்தம் எதிரொலித்தது. அதோடு இன்னொரு சத்தமும் இருந்தது. சர்ர் என்று எதையோ இழுப்பது போல. லுங்கியின் ஓரம் தரையில் உரசுகிறது என்று நினைத்து மடித்துக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் மடித்துக் கட்டிய லுங்கியோடு நடந்தபோதும் அது கேட்டது. என் தப் சத்தத்துக்குப் பின், எனக்குப் பின்னால், சுவரோரமாக, சர்ர். நின்றேன். நான் நின்ற பிறகு ஒரு தடவை கேட்டுவிட்டு அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. டைல்ஸில் ஆள் நிழல் எதுவும் இல்லை, வெறும் ஜன்னல் கம்பி நிழல்.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு அங்கே இடம் இல்லை. எனக்கு அந்த ஹால் வேண்டும். ஒரு வாரத்தில் கால் வர வேண்டும். பின்னால் யார் வந்தால் என்ன, வரட்டும் என்று நடந்தேன். அவருடைய நடை எனக்கு ஒரு விதத்தில் உதவியாகக்கூட இருந்தது. தப், சர்ர், தப், சர்ர் என்று தாளம் கிடைத்தது. அதிகம் மூச்சு வாங்காமல் அதிக நேரம் நடந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் சொம்பைப் பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் குறையத்தான் செய்யும்.

வாரத்தின் நடுவில் ஒரு நாள் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள் பயிற்சிக்காரப் பெண். போனேன். நாற்காலியில் உட்காரவைத்து விரலைத் தூக்கச் சொன்னாள். பெருவிரல் ஒரு நெல்மணி உயரத்துக்கு எழுந்தது. அவள் கையைத் தட்டினாள்.

"வருது அண்ணே, வருது! எங்க, நடந்து காட்டுங்க."

நடந்தேன். அவள் முகம் மாறியது.

"அண்ணே, உங்களுக்கு எந்தக் கால்ல பிரச்சினை?"

"இடது கால்."

"அப்ப எதுக்கு வலது கால இழுக்கிறீங்க?"

குனிந்து பார்த்தேன். என் நல்ல கால், வலது கால், பின்தங்கி நின்றது. மறுபடி ஒரு அடி எடுத்து வைத்தேன். அது எழும்பாமல் தரையோடு வந்தது. சர்ர் என்றது.

அவள் சின்னச் சுத்தியலால் என் வலது முழங்காலைத் தட்டினாள். பாதத்தைக் கீறிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"அந்தக் கைய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?"

என் இடது கை தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே விரிந்து நின்றது. அங்கே சுவர் இல்லை. கையைக் கீழே இறக்கினேன். இறக்குவதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

"வீட்டுல எப்படி நடக்கிறீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான். ஹால்ல சுத்தி."

"எந்தப் பக்கமா சுத்துறீங்க?"

"எந்தப் பக்கமான்னா? வலமாத்தான்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இந்த ஊருக்கு வந்ததுல இருந்து இதே ரோதனை. சுத்தி நடங்கன்னு சொன்னா போதும், அத்தனை பேரும் ஒரே பக்கமா சுத்திட்டு வந்து நிக்கிறீங்க. வாக்கிங் போனாலும் வலம், மொட்டை மாடியில நடந்தாலும் வலம். ஹாலுக்கு நடுவுல என்ன, மலையா இருக்கு?"

"மலை இல்ல. விளக்கு இருக்குது."

"ஒரே பக்கமா சுத்தினா உடம்பு ஒருபக்கமா திருகிக்கும் அண்ணே. கெட்ட கால் தேறும், நல்ல கால் கெட்டுப்போகும். நாளையில இருந்து பாதி நேரம் இடமா சுத்துங்க."

"இடமா சுத்தக்கூடாதும்மா."

"ஏன், யாரு சொன்னது?"

யாரும் சொன்னதில்லை. யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மலையடியில் இருக்கிறவன் கோயிலைச் சுற்றினாலும் அரசமரத்தைச் சுற்றினாலும் நடுவில் இருப்பது வலது கைப் பக்கம்தான் இருக்கும். இடமாகச் சுற்றுவது ஒரே இடத்தில்தான். சுடுகாட்டில், சிதையை, தோளில் தண்ணீர்க் குடத்தோடு பிள்ளை சுற்றும்போது. அந்தத் தெற்கத்திப் பெண்ணிடம் இதை நான் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் வலது காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தூக்கு என்று நினைத்து நினைத்துத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு கால் போனவனுக்கு இன்னொன்றும் போனால் பிச்சை எடுக்கத்தான் லாயக்கு. இந்த ஊரில் அதற்கும் போட்டி ஜாஸ்தி.

அன்று மத்தியானமே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். கதவைத் திறந்து வைத்தேன். விளக்கு எரியவில்லை, அகல் மட்டும் இருந்தது. ஹாலில் இத்தனை நாள் நின்ற திசைக்கு எதிர்த் திசையில் திரும்பி நின்றேன். அதே நாற்காலி, அதே ஜன்னல்தான். வேறு ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது.

வலது கையைச் சுவரில் வைத்துச் சில அடிகள் நடந்தேன். தப், தப். பின்னால் சத்தம் எதுவும் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மூலை திரும்பினேன்.

சர்ர்.

சத்தம் எதிரில் கேட்டது.

நின்றேன். இந்தத் தடவை அது நிற்கவில்லை. இழுத்து, நிதானித்து, இழுத்து, சுவரோரமாக என்னை நோக்கி வந்தது. எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. அவர் போகிற திசையை அவர் மாற்றவில்லை. நான்தான் மாற்றினேன். அவர் எப்போதும் போல வலமாக வந்துகொண்டிருக்கிறார். இனி ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்படுவோம்.

ஓடிவிடலாமா என்று தோன்றியது. தொங்குகிற காலும் இழுக்கிற காலுமாக எங்கே ஓடுவது? அதோடு, அந்தச் சத்தத்தில் என்னை மிரட்டுகிற எதுவும் இல்லை. என்னைப் போலக் கால் சரியில்லாத ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற சத்தம், அவ்வளவுதான். அவருக்குச் சுவர் வேண்டும். எனக்கு அது இல்லாமலும் முடியும் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டு உள்பக்கம் ஒதுங்கினேன், விளக்கை ஒட்டி. சத்தம் என் வலப்பக்கமாகக் கடந்து போனது. காற்று அசையவில்லை. துணி உரசவில்லை. லேசாகத் தைல வாசனை வந்ததாக நினைக்கிறேன். ஆனால் நானும் தைலம் தேய்த்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் சுவர்ப் பக்கம் போகவில்லை. அகலையும் சொம்பையும் இடது கைப் பக்கம் வைத்து, அவற்றை ஒட்டியே சுற்றினேன். சந்தையில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்குவது போல, சத்தம் வரும்போது சற்று ஒதுங்கி, போன பிறகு நடந்தேன். பிடிமானம் இல்லாததால் இடது பாதம் தானே தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தப் என்ற அறைதல் கொஞ்சம் மெதுவாயிற்று. நான் அதில் மூழ்கிவிட்டேன்.

"அய்யோ! நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணா!"

வாசலில் மருமகள். கையில் விளக்கெண்ணெய் பாட்டில். கேட்டைத் தாண்டி, வராண்டாவைத் தாண்டி, நிலைப்படிவரைக்கும் வந்துவிட்டிருந்தாள்.

"யாரு செத்துட்டாங்கன்னு இப்படி சுத்தறீங்க?"

"அவருதாம்மா செத்திருக்காரு" என்றேன்.

"விளையாட்டா? கொள்ளி வெக்கறவன் சுத்தற சுத்து அது! பெத்த புள்ள சுத்திட்டாரு, அது முடிஞ்சுபோச்சு. நீங்க யாரு மறுபடியும் சுத்த?"

"ஆஸ்பத்திரியில சுத்தச் சொன்னாங்கம்மா. வலமாவே சுத்தினதுல நல்ல கால் இழுத்துக்கிச்சு."

அவள் என் கால்களைப் பார்த்தாள். "எந்தக் கால்?"

"வலது கால்."

அவள் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது. ஹாலைச் சுற்றிப் பார்த்தாள், சுவரோரமாக, மெதுவாக, நகர்கிற எதையோ கண்ணால் தொடர்வது போல. அப்புறம் கேட்டாள்.

"அது சரி, கால் முடியாதவங்க சுவத்தப் புடிச்சிக்கினுதான நடப்பாங்க. நீங்க எதுக்கு சுவத்த உட்டுட்டு உள்ளாற சுத்தறீங்க?"

"அவருக்குச் சுவர் வேணுமில்ல" என்றேன்.

அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குதும்மா."

"எங்க வீட்டுக்காரரு ஃபேன் சத்தம்னாரு. ஃபேன நிறுத்தினேன். எலின்னாரு." அவள் அளவு டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "நட்சத்திரம் ஒண்ணும் கெட்ட நட்சத்திரம் இல்லண்ணா. நல்ல நாள்லதான் போனாரு. சத்தம் கேக்குதுன்னு சொன்னா ஊர் சிரிக்கும். அடைப்புன்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதான் பூட்டினோம்."

பிறகு அவரைப் பற்றிச் சொன்னாள். வலது பக்கம் கையும் காலும் வாதத்தில் விழுந்துவிட்டன. மாதம் தவறாமல் மலை சுற்றியவர். கால் வந்ததும் மறுபடி சுற்ற வேண்டும் என்று ஹாலில் பழக ஆரம்பித்தார். பிடிக்க இடது கைதான் இருந்தது. அதனால் வலமாகத்தான் நடக்க முடியும். சாமி அதையாவது சரியாகக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிச் சிரிப்பாராம்.

"ஆட்டோவுல கூட்டிட்டுப் போறோம்னு சொன்னோம். வேணாம், கால்ல நடந்துதான் வருவேன்னுட்டாரு. கால் வந்துடும், வந்துடும்னு கடைசி வரைக்கும் சுத்தினாரு."

"வந்துச்சா?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.

"எங்கண்ணா வந்துச்சு."

மீதி நாட்களில் நான் பாதி நேரம்கூட வலமாகச் சுற்றவில்லை. அவர் பின்னால் வந்தால் என் வலது கால் அவருடைய காலைப் போலப் பழகிக்கொள்கிறது என்று நம்பினேன். அந்தப் பெண் சொன்ன காரணமும் உண்மையாக இருக்கலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இடமாகவே சுற்றினேன். குப்புறப் படுத்தேன், மல்லாந்து படுத்தேன், விரலைப் பார்த்துத் தூக்கு என்றேன். மருமகள் அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் வந்து நிலைப்படியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரமாட்டாள். ஆனால் நான் சுற்றுவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. சில சமயம் நூலைக் கடித்துவிட்டு, "இப்ப ஜன்னல்கிட்ட வர்றாரு, ஒதுங்குங்க" என்பாள். அவள் காது என் காதைவிடக் கூர்மை.

வலது கால் முதலில் சரியானது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் நடந்துகொண்டிருக்கும்போது ஏதோ குறைகிறது என்று பட்டது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தப் என்ற சத்தம் இல்லை. இடது பாதம் எழுந்து, குதிகால் முதலில் பட்டு, சத்தமில்லாமல் இறங்கியது. நின்று பார்த்தேன். மறுபடி நடந்தேன். சந்தேகமில்லை. தரையின் குளிர்ச்சிகூட உள்ளங்காலில் லேசாகத் தெரிந்தது.

என் காலின் சத்தம் நின்றுவிட்டதால் அவருடையது மிகத் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு பெரிய ஹாலில் அந்த ஒரு சத்தம்தான். சர்ர். நிதானம். சர்ர்.

நிலைப்படியில் இருந்தவள் தையலை நிறுத்தியிருந்தாள். "உங்களுக்கு வந்துடுச்சு போல" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். மூட்டையும் வேண்டாம் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். மூட்டையை மறந்துவிடு என்றார். பயிற்சிக்காரப் பெண் என்னை நடக்கவிட்டு, இரண்டு பக்கமும் சுற்றவிட்டு, "பாத்தீங்களா, இடமா சுத்தினதுல ஒண்ணும் ஆகலல்ல?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

சாயங்காலம் விளக்கை ஏற்றி, தண்ணீரை மாற்றிவிட்டு, பாயைச் சுருட்டினேன். மருமகள் கேட்டருகில் நின்றிருந்தாள்.

"எதுக்குண்ணா போறீங்க? இன்னும் கொஞ்ச மாசம் இங்கயே இருங்களேன். சாப்பாடு நான் கொடுத்துடறேன்."

கல்லிலும் சிமென்டிலும் படுத்துப் பழகியவனுக்கு இப்படி ஒரு வீடு இனி எங்கே கிடைக்கும்? எனக்கு ஆசையாக இருந்தது. பாயைக் கீழே வைக்கக்கூடக் குனிந்துவிட்டேன்.

"உங்களுக்குப் பயமும் இல்ல. அவருக்கும் கூட நடக்க ஒரு ஆளு இருந்த மாதிரி இருக்கும்" என்றாள்.

பாயை வைக்கவில்லை. நாளைக்கு ஒரு வேலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். சாவியைக் கொடுத்தேன். கை பட்டபோது அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. தெருக்கோடியில் திரும்பிப் பார்த்தேன். அவள் கேட்டைப் பூட்டவில்லை. கதவைத் திறந்துவைத்து நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். தலை மெதுவாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பைபாஸ் ரோட்டில் நடந்துபோகும்போது ஒரு புது ஓட்டல் வாசலில் ஆள் தேவை என்று எழுதியிருந்தார்கள். ரோட்டோரம் நின்று விசில் ஊதி, பச்சைக்கொடி ஆட்டி, போகிற கார்களை ஓட்டலுக்குத் திருப்புகிற வேலை. கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி ஸ்லோ பண்ணா கூடவே நாலடி ஓடணும்யா. ஓடுவியா? நொண்டற மாதிரி தெரியுதே."

"எந்தக் கால்ல தெரியுது?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "தெரியல. சும்மா கேட்டேன்."

வாசலிலிருந்து ரோடுவரை ஓடிக் காட்டினேன். விசிலையும் கொடியையும் கொடுத்தார். இட்லி சாப்பிட்டுவிட்டு நிற்கச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றேன். முதலில் வந்த வண்டிகள் என்னைப் பார்க்காதது போலப் போயின. பிறகு ஒரு வெள்ளைக் கார் வேகத்தைக் குறைத்தது. அதன் பக்கத்திலேயே ஓடினேன். கண்ணாடியை இறக்கி, டிபன் இருக்கா என்று கேட்டார்கள்.

"இருக்குது சார். சூடா இருக்குது. உள்ள வாங்க" என்றேன்.